முதல்ல சரியான விடை, அப்புறம்தான் வேகம்!

எந்த மென்பொருளா இருந்தாலும் செட்டிங்ஸ்ல "இதைப் போட்டால் வேகமா ஓடும்" என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் நம்ம கை சும்மா இருக்காது. எந்த வேலையை விட்டுவிட்டு அது வேகமாகிறது என்று கேட்பவர்கள் ரொம்பக் கம்மி. நாம ப்ராஜெக்டுக்குப் பயன்படுத்துகிற கிட் மென்பொருளில் இப்படிப்பட்ட ஸ்விட்சுகள் நிறைய. அதை வைத்தே சொல்கிறேன்.

"கிட் ஸ்டேட்டஸ்" என்று அடித்ததும் எந்தக் கோப்பு மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கிறது. நம்ம ப்ராஜெக்டில் இருநூறு கோப்பு இருக்குமா? கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் 2017-ல் மைக்ரோசாப்ட் சொன்ன கணக்குப்படி விண்டோஸ் ரெப்போவில் சுமார் 35 லட்சம் கோப்புகள், 300 ஜிபி. அங்கே ஒவ்வொன்றாகப் பார்த்தால் டீ குடித்துவிட்டே வரலாம். அதற்காகத்தான் அன்ட்ராக்டு கேச், எஃப்எஸ்மானிட்டர் போன்ற வசதிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் உத்தி ஒன்றுதான்: திரும்பப் போய்ப் பார்க்காதே, முன்னாடி பார்த்ததை ஞாபகம் வைத்துக்கொள்.

வம்பு அங்கேதான். ஞாபகம் தப்பினால்? மாறின கோப்பை "மாறவில்லை" என்று கிட் நம்பிவிட்டால், கமிட் செய்யும்போது அது விட்டுப்போகும். உங்க கணினியில் நிரல் ஓடும். நண்பர் எடுத்து ஓட்டினால் ஓடாது. ஆளாளுக்குச் சண்டை போட்டுக்கொள்வார்கள், கிட் மீது யாருக்கும் சந்தேகமே வராது. மெதுவாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். தப்பாக இருந்தால் தெரியாது.

இதை எப்படிச் சோதிப்பது? கிட் செய்பவர்களின் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. புது வசதிக்கென்று தனியாக நாலு டெஸ்ட் எழுதுவதோடு நிற்பதில்லை. "கிட் டெஸ்ட்" என்று பெயர் தொடங்கும் என்விரான்மென்ட் வேரியபிள்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் போட்டால் ஸ்ப்ளிட் இன்டெக்ஸ், கமிட் கிராஃப் எல்லாம் ஆன் ஆகி, ஏற்கெனவே இருக்கிற மொத்த டெஸ்டுகளும் அப்படியே இன்னொரு தடவை ஓடும். அதே கேள்வித்தாள், அதே விடை வரவேண்டும். ஒரு விடை மாறினாலும் அது வேகம் இல்லை, பிழை.

தனி டெஸ்ட் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒரு வசதி இன்னொரு வசதியோடு உரசுகிற இடத்தில்தான் பெரும்பாலும் பிழை ஒளிந்திருக்கும். 10 ஸ்விட்ச் இருந்தால் 1024 சேர்க்கைகள். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க யாராலும் முடியாது. அதனால் ஒவ்வொரு புது ஸ்விட்சும் எல்லாருக்கும் ஒரு கடன். என் கட்சி இதுதான்: வழக்கமான சோதனையில் இடம் கொடுக்க முடியாத ஸ்விட்சை வெளியிடவே கூடாது. அது காலத்துக்கும் ஸ்விட்சாகவே கிடக்கவும் கூடாது. கமிட் கிராஃப் 2018-ல் விருப்பத் தேர்வாக வந்தது. 2019 நவம்பரில் வந்த 2.24 பதிப்பில் எல்லாருக்கும் தானாகவே ஆன் ஆனது. தேறினால் உள்ளே வா, தேறாவிட்டால் வெளியே போ.

இன்னொரு நல்ல விஷயம். அன்ட்ராக்டு கேச் வேலை செய்ய, ஃபோல்டர் மாறிய நேரத்தை உங்க கணினி ஒழுங்காகக் குறித்து வைக்கவேண்டும். வைக்கிறதா என்று சோதிக்கவே கிட்டில் ஒரு கட்டளை உண்டு. சில நொடிகள் ஓடி, சரியென்றால் "ஓகே" என்கும். இல்லையென்றால் எது சரியில்லை என்று சொல்லும். "என்னை நம்பு" என்று சொல்லாமல் "சோதித்துப் பார்" என்று சொல்கிற மென்பொருளுக்கு ஒரு சலாம் :-)

வேகத்தை அளப்பதிலும் ஏமாறாதீங்க. முதல் தடவை ஓடும்போது வட்டிலிருந்து படிக்கும். இரண்டாம் தடவை பாதி விவரம் நினைவகத்திலேயே இருக்கும். ஸ்விட்ச் இல்லாமல் முதலில், போட்டு இரண்டாவது என்று ஓட்டினால் ஸ்விட்ச் ஒன்றுமே செய்யாவிட்டாலும் "ஜெயித்துவிடும்". கிட்டின் சொந்த வேகச் சோதனையே ஒவ்வொன்றையும் மூன்று தடவை ஓட்டி, இருப்பதில் குறைந்த நேரத்தைத்தான் எடுக்கிறது. நாமும் அதையாவது செய்யலாமே.

இருநூறு கோப்பு ப்ராஜெக்டுக்கு இந்த ஸ்விட்ச் எதுவுமே வேண்டாம், கையை வையாதீங்க. நாளைக்கு நீங்களே எழுதுகிற நிரலில் "வேகமாக்கு" என்று ஒன்று வைத்தால், அதைப் போட்டும் எடுத்தும் மொத்த டெஸ்டையும் இரண்டு தடவை ஓட்டுங்க. அந்த இரண்டாவது தடவைக்கு நேரமில்லை என்றால் அந்த ஸ்விட்சே வேண்டாம். நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?