சேவல் தோற்றாலும் வென்றாலும் தோற்பது மனிதனே





மறைமலைநகரில் ஒருநாள் இஷா தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, இரண்டு இளைஞர்கள் காரசாரமாக விவாதித்துக்கொண்டிருந்தனர். இருவரும் மதுரைப் பக்கத்திலிருந்து இங்குள்ள தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தவர்கள். முந்தைய இரவு அறையில் அவர்கள் பார்த்த 'ஆடுகளம்' திரைப்படமே விவாதப் பொருள். வெற்றிமாறன் இயக்கிய இரண்டாவது படம் அது. 2011 பொங்கலுக்கு வெளியாகி, சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் உள்ளிட்ட ஆறு தேசிய விருதுகளைப் பெற்றது.

"சேவற்சண்டையையும் பந்தயத்தையும் வீரமாகக் காட்டும் படம், நம் பிள்ளைகள் பார்க்கவே கூடாது" என்றார் ஒருவர். "அது ஒரு கலைப்படைப்பு, கறுப்பு வென்றது அதிர்ஷ்டத்தால் அல்ல, திறமையால்" என்றார் மற்றவர். அப்படத்தைப் பற்றி நம் குடும்பங்களில் நிலவும் கருத்துகளும் ஏறத்தாழ இவ்விரண்டுதாம். இரண்டுமே பிழையானவை என்பது என் கருத்து. திரைப்படம் பார்ப்பது குறித்த மார்க்கத் தீர்ப்பை நான் இங்கே பேசவில்லை. சூதாட்டத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

முதலாமவருக்கு ஒரு கேள்வி. அப்படத்தில் யார்தான் வென்றார்கள்? குருவான பேட்டைக்காரன், அறுத்துவிடும்படி சொன்ன சேவலைக் கறுப்பு களத்தில் இறக்கி வெல்கிறான். அந்த நொடியிலேயே குருவின் நெஞ்சில் பொறாமை குடியேறுகிறது. உடன்பிறப்புகளாய்ப் பழகிய கறுப்பும் துரையும் பகைவராகின்றனர். கறுப்பின் தாய் மடிகிறாள். இறுதியில் பேட்டைக்காரன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள, கறுப்பு ஊரைவிட்டே ஓடுகிறான். மதுவையும் சூதாட்டத்தையும் கொண்டு ஷைத்தான் உங்களிடையே பகைமையையும் வெறுப்பையும் விளைவிக்கவே நாடுகிறான் என்ற கருத்தைச் சூரத்துல் மாயிதாவின் 91ஆம் வசனம் உரைக்கிறது. சூது பணத்தைப் பறிக்கும் என்பதை எல்லோரும் அறிவர். அது மனிதரையும் பறிக்கும் என்பதை அவ்வசனம் முன்னிறுத்துகிறது. அறிந்தோ அறியாமலோ அப்படம் காட்டுவதும் அதையே.

இரண்டாமவரின் வாதமோ இதைவிட ஆபத்தானது. "திறமை" என்ற அந்த ஒரு சொல்லே இன்று சூதாட்டம் அணிந்திருக்கும் முகமூடி. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்து 2022இல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றியது; ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் எனக் கூறி, அவற்றுக்கு அத்தடை பொருந்தாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில்தான், திறமையோ அதிர்ஷ்டமோ எதுவாயினும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடுத்தது.

நம் மார்க்கத்தில் இந்தக் குழப்பத்திற்கே இடமில்லை. ஆடுவோர் இரு தரப்பும் பணம் வைத்து, வென்றவன் தோற்றவனின் பணத்தை அள்ளிச் செல்வதே சூது. ஆடுபவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது கேள்வியே அல்ல. மார்க்கம் போட்டியை வெறுக்கவில்லை. அம்பெய்தலுக்கும், குதிரை, ஒட்டகப் பந்தயங்களுக்கும் பரிசு வழங்க நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் வழங்கும் பரிசு வேறு; சகோதரனின் சட்டைப் பையிலிருந்து பிடுங்கும் பணம் வேறு.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். சேவற்சண்டையைக் கண்டு முகம் சுளிக்கும் அதே தந்தை, ஐபிஎல் காலத்தில் மகன் நண்பர்களோடு பந்தயம் கட்டுவதைப் "பொழுதுபோக்கு" என்கிறார். தமிழ்நாட்டில் லாட்டரி 2003லேயே தடைசெய்யப்பட்டது. ஆனால் வெளிநாட்டுக் குலுக்கல் சீட்டில் வளைகுடாவில் உள்ள உறவினர் பணம் போட்டால், "எனக்கும் ஒரு பங்கு" என்கிறோம். பத்து மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்று உழைத்த இளைஞனின் ஹலாலான ஊதியம், ஊரில் உள்ள தாயின் மருந்துக்குப் போகவேண்டிய பணம், ஓர் இரவில் கைப்பேசித் திரையில் கரைகிறது. அவன் அறைத்தோழனிடம் கடன் கேட்கிறான். திருப்பித் தர முடியாமல் அவனைக் கண்டு ஒளிகிறான். ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்றவர்கள் முகம் பாராமல் போகிறார்கள். கறுப்புக்கும் துரைக்கும் நேர்ந்தது இதுவன்றி வேறென்ன?

ஆகவே பெற்றோர்களே, "அந்தப் படத்தைப் பார்க்காதே" என்று சொல்வதோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. மகன் தொலைவில் வேலை பார்த்தால், சம்பளம் வந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். அது எங்கே போயிற்று என்றும் அன்போடு கேளுங்கள். கடனில் சிக்கியிருந்தால் ஏசாமல் கைதூக்கி விடுங்கள். தவ்பாவின் கதவு திறந்தே இருக்கிறது. நம் வீட்டுக் கதவும் அவ்வாறே இருக்கட்டும்.

வல்ல ரஹ்மான் நம் சந்ததியினரை இந்தத் தீமையிலிருந்து காத்தருள்வானாக. ஆமீன்.