உல்லாசப் படகும் உழைக்கும் கைகளும்

விடுமுறை என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மேற்கு மாம்பலத்துக் குடும்பங்கள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு முட்டுக்காட்டுக்குப் புறப்பட்டுவிடுகின்றன. அங்கே காயலில் படகு விடுகிறார்கள். படகில் ஏறிவிட்டால் சிரிப்பும் பாட்டும்தான். பிள்ளைகள் இப்படி வெளியே போய் நீரையும் நிலத்தையும் பார்ப்பது நல்லதே. பள்ளிக்கூடத்தில் கிடைக்காத பாடம் அதில் கிடைக்கும்.

ஆனால், அந்தப் பாடத்தில் பாதியை மட்டும் படித்துவிட்டுத் திரும்பக் கூடாது.

முட்டுக்காட்டுக் காயலோடு கலப்பது பக்கிங்காம் கால்வாய். பஸ்ஸும் லாரியும் பெருகாத காலத்தில் விறகும் உப்பும் சென்னைக்குத் தோணியில் வந்தது இதன் வழியாகத்தான். 1934ஆம் ஆண்டில் புரட்சிக் கவிஞர் பாரதிதாசன், நண்பர்களோடு சென்னையிலிருந்து இதே கால்வாயில் தோணி ஏறி மாமல்லபுரம் சென்றார். கூடச் சென்றவர்களில் ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம் அம்மையார் ஆகியோர் இருந்தனர். ஜீவாவுக்கு அப்போது 27 வயது. உற்சாகம் ததும்பும் பருவம்! பேச்சும் சிரிப்புமாகத் தோணி தெற்கு நோக்கி நகர்ந்தது.

அந்தத் தோணிக்கு எஞ்சின் கிடையாது. அதை நகர்த்தியவை மனிதரின் கைகளும் தோள்களும். கரையில் நடந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். கழி ஊன்றித் தள்ள வேண்டும். கவிஞரின் கண்ணில் இயற்கை அழகு பட்டது. அந்த உழைப்பாளிகளின் துன்பமும் பட்டது. இரண்டையும் சேர்த்தே ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதையில் பாடினார். இன்பப் பயணம் போனவர், பிறர் துன்பத்தையும் கண்டு திரும்பினார்.

அந்தக் கால்வாயும் தானாக வந்ததன்று. சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதி 1877, 1878 ஆண்டுகளில் வெட்டப்பட்டது. அது கொடும் பஞ்ச காலம். பசியால் வாடிய ஏழைகள் கூலிக்கு மண் சுமந்து தோண்டிய வாய்க்கால் அது. கால்வாய்க்குப் பெயர் கிடைத்தது கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு. மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

பழைய கதைதானே என்று தள்ளிவிட முடியாது. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது மேற்கு மாம்பலத்திலும் வெள்ளம் புகுந்தது. அப்போது சென்னையின் மீனவர்கள் கடலில் விடும் படகுகளைக் கொண்டுவந்து, வெள்ளம் சூழ்ந்த தெருக்களில் தத்தளித்தவர்களை மீட்டார்கள். நமக்கு உல்லாசம் தரும் படகுதான் ஆபத்தில் உயிரும் தந்தது. படகை ஓட்டியவர் நமக்கு உறவினர் அல்லர். முன்பின் தெரிந்தவரும் அல்லர்.

ஆகவே, பிள்ளைகளைப் படகுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் ஒன்று செய்யலாம். “ஏ படகு!” என்று கூப்பிடாமல், “அண்ணே” என்று அழைக்கச் சொல்லிக் கொடுக்கலாம். மிதவை அங்கியைப் போட்டுக்கொள் என்று அவர் சொன்னால் முகம் சுளிக்காமல் போட்டுக்கொள்ள வேண்டும். அளவுக்கு மேல் ஆள் ஏற்றும்படி வற்புறுத்தக் கூடாது. படகில் எழுந்து நின்று ஆட்டம் போடக் கூடாது. பிளாஸ்டிக் பையை நீரில் எறியக் கூடாது. இறங்கும்போது ஒரு நன்றி சொன்னால் குறைந்துவிடமாட்டோம்.

சிரிக்கட்டும், பாடட்டும், இளமைக்கு அதுவே அழகு. துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன கையையும் அவர்கள் ஒரு முறை பார்க்கட்டும். பார்த்த பிள்ளை நாளை நல்ல குடிமகனாவான்.