நத்தார் மரமும் நமது வீடுகளும்

டிசெம்பர் மாதம் தொடங்கிவிட்டால் ஒஸ்லோவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு வாதம் மீண்டும் தலைதூக்கும். பிள்ளைகள் நத்தார் மரம் கேட்பார்கள். தந்தை "அது எமது பண்பாடு அல்ல" என்பார். தாய் "பிள்ளைகளின் ஆசைதானே" என்பார். அப்பம்மா எதுவும் பேசாமல் சாமிப் படத்தின் முன் விளக்கேற்றப் போய்விடுவார். இறுதியில் 23 ஆம் திகதி மாலை, கடை மூடும் நேரத்தில், விலை குறைக்கப்பட்ட மரமொன்று காரின் கூரையில் கட்டப்பட்டு வீடு வந்து சேரும். ஏன் வைக்கிறோம் என்று எவரும் சொல்லாமலே அது மூலையில் நிற்கும். அடுத்த ஆண்டு அதே வாதம், அதே முடிவு.

சைவக் குடும்பத்தில் பிறந்தவன் நான். என் வீட்டிலும் இன்று மரம் வைக்கிறோம். அதனை எதிர்ப்போரின் கவலை எனக்குப் புரியாததன்று. அந்தக் கவலையிலேயே வளர்ந்தவன் நான்.

1990 ஆம் ஆண்டு, ஒன்பது வயதில், அம்மாவுடன் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தேன். அப்பா அப்போது வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். டிசெம்பரில் அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. அந்த இருளிலே ஊர் முழுவதும் யன்னல்தோறும் ஏழு சுடர் விளக்கும் காகித நட்சத்திரமும் ஒளிர, எமது யன்னல் மட்டும் இருண்டு கிடந்தது. மரம் கேட்டேன். "அது வேதக்காரற்ற பழக்கம், எங்களுக்கு வேண்டாம்" என்றார் அப்பா. "விளக்குக்கு என்னப்பா சமயம்?" என்று அம்மா கேட்டது நினைவிருக்கிறது, அப்பா அதற்கு மறுமொழி சொல்லவில்லை.

விடுமுறை முடிந்து பாடசாலை சென்றபோது, வீட்டில் வைத்த மரத்தை வரையுமாறு ஆசிரியை சொன்னார். கூரையை முட்டும் மரமொன்றை வரைந்தேன். அதன் கீழே பதினொரு பரிசுப் பொதிகளையும் எண்ணி வரைந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை தன் வீட்டைப் பற்றிச் சொன்ன முதற்பொய் அது. அப்பா மீது எனக்குக் குறையில்லை. பனிக்குளிரில் மீன் வெட்டிக்கொண்டு, தன் பிள்ளை தன்னைவிட்டு எங்கோ போய்விடுவானோ என்று அஞ்சிய மனிதர் அவர். ஆயினும் மறுக்கப்பட்ட மரம் என்னைச் சைவனாக வைத்திருக்கவில்லை. என் வீட்டை மறைக்கவே கற்றுத்தந்தது.

மரம் வைப்பதற்குச் சார்பாக நம்மவர் வழமையாகச் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு: அது கிறித்தவத்துக்கு முந்திய வழக்கம், ஆகவே எந்தச் சமயத்தவரும் வைக்கலாம் என்பது. இது பாதி உண்மை. நோர்வேஜியர் இப்பண்டிகைக்கு இட்டிருக்கும் 'யூல்' என்ற பெயர் கிறித்தவத்துக்கு முந்தியதுதான். பத்தாம் நூற்றாண்டில் நல்லவன் ஹோக்கொன் எனப்பட்ட மன்னன் பழைய யூல் விழாவைக் கிறித்தவப் பண்டிகை நாளுக்கு மாற்றினான் என்று ஸ்னோரியின் மன்னர் வரலாறு கூறுகிறது. ஆனால் மரம் அவ்வளவு பழையதன்று. அது ஜேர்மனிய நிலத்தில் பதினாறாம் நூற்றாண்டளவில் உருப்பெற்று, நோர்வேக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்தது. முதலில் நகரத்துச் செல்வர் வீடுகள், பிறகு பாடசாலைகள், பிறகுதான் பண்ணை வீடுகள். அதாவது இந்நாட்டவருக்கே அது வந்து சேர்ந்த வழக்கம்.

இன்று கடைகளில் அதிகம் விலைபோகும் நோர்ட்மன் மரம் இன்னும் வேடிக்கையானது. பெயரைக் கேட்டு 'நோர்வேக்காரன் மரம்' என்று எண்ணுவோர் உளர். அதன் தாயகம் கோக்கசஸ் மலைகள். பெயர் பின்லாந்தில் பிறந்த நோர்ட்மன் என்ற இயற்கை அறிஞருடையது. டென்மார்க்கில் பயிரிடப்பட்டுப் பெருமளவில் இங்கே வருகிறது. இவ்வளவு தூரம் புலம்பெயர்ந்த ஒன்றைப் 'பிற பண்பாடு' என்று சொல்லித் துரத்த எனக்கு மனம் வரவில்லை.

மற்றொரு சொல்லையும் கவனியுங்கள். 'நத்தார்' என்பது போர்த்துக்கேயரின் 'நத்தால்' என்ற சொல்லிலிருந்து வந்தது. யாழ்ப்பாண அரசு அவர்கள் கையில் வீழ்ந்தது 1619 இல். மன்னாரில் அவர்களது சமயம் அதற்கு முன்னரே வேரூன்றிவிட்டது. அப்படியானால், நத்தார் என்ற சொல் எமது மொழியில் வாழ்ந்துவரும் காலம், நத்தார் மரம் நோர்வேயில் வாழ்ந்துவரும் காலத்தைவிட நீண்டது.

இதனாலேயே 'அது தமிழர் பண்பாடு அல்ல' என்ற வாசகத்தைக் கூட்டங்களிலும் பெற்றோர் சந்திப்புகளிலும் கேட்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்த அறையிலே குருநகரிலிருந்தும் பாசையூரிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்த கத்தோலிக்கத் தமிழர் அமர்ந்திருக்கிறார்கள். வைக்கோல் பரப்பிப் பாலன் குடில் கட்டி, ஒளிவிழாவில் பாடி வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இது அலங்காரமன்று, வழிபாடு. நோர்வேயில் முதன்முதலாகக் குடியேறிய ஈழத்தமிழராக நாம் போற்றும் மனிதர், 1956 இல் இங்கு வந்த அந்தோனி இராஜேந்திரம். அவருடைய பெயரை மேடையில் பெருமையுடன் சொல்லிவிட்டு, நத்தாரை அந்நியம் என்று அடுத்த வசனத்தில் சொல்வது முறையாகாது. "எங்கள் வீட்டு வழக்கம் அல்ல" என்று சைவர் ஒருவர் சொல்லட்டும், அது நேர்மை.

நம்மில் பலருக்கு இலண்டனில் உறவினர் உண்டு. அங்கே திரபால்கர் சதுக்கத்தில் ஆண்டுதோறும் நிற்கும் பெரிய மரம் ஒஸ்லோவிலிருந்து போவது என்பதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? 1940 இல் ஜேர்மனியப் படைகள் நோர்வேயைப் பிடித்தபோது மன்னர் ஏழாம் ஹோக்கொனும் அரசாங்கமும் இலண்டனில் தஞ்சம் புகுந்தனர். மன்னர் நாடு திரும்பியது 1945 யூன் மாதத்தில். அந்த அடைக்கலத்துக்கு நன்றியாக 1947 முதல் ஒஸ்லோ நகரம் தன் மரமொன்றை அனுப்பிவருகிறது. நாட்டை இழந்து பிறநாட்டில் இருந்தவர்கள், இருக்க இடம் தந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை. அகதியாக வந்தவரின் பிள்ளைக்கு இதைவிட நன்றாக விளங்கக்கூடிய நத்தார்க் கதை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

என் மகள் மழலையர் பள்ளியிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாகப் பின்னிய காகித இதயக் கூடை ஒன்றைக் கொண்டுவந்த ஆண்டில்தான் எங்கள் வீட்டில் முதல் மரம் வைத்தோம். 23 ஆம் திகதி இரவு, ஒரு மூதாட்டியும் அவரது பணியாளரும் தோன்றும் பழைய நகைச்சுவைக் குறுநாடகத்தை அரச தொலைக்காட்சி வழமைபோல் ஒளிபரப்ப, நாடெங்கும் மரத்தை அலங்கரிக்கும் அந்த வேளையில் நாங்களும் அலங்கரித்தோம். விளக்குச் சரத்தில் ஒரு குமிழ் செத்து முழுச் சரமும் அணைந்துபோயிற்று. தொடர்ச்சுற்று பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்த எனக்கு அந்தக் குமிழைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணிநேரம் எடுத்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்பா மறுநாள் வந்தார். மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பேத்தியிடம் கேட்டார்: "இது எந்தச் சாமிக்குப் பிள்ளை?" அவள் சொன்னாள்: "ஒரு சாமிக்கும் இல்லை அப்பப்பா. இது சும்மா, வடிவுக்கு."

அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மரத்தைவிட அந்த மறுமொழியே என்னை அதிகம் உறுத்தியது. நோர்வேஜியர் வீடுகளில் ஒவ்வோர் அலங்காரப் பொருளுக்கும் ஒரு கதை உண்டு. இது பாட்டியுடையது, இதை நீ நான்கு வயதில் செய்தாய் என்று சொல்வார்கள். கைகோத்து மரத்தைச் சுற்றி நடந்து பாடுவார்கள். எங்கள் வீட்டு மரத்துக்குக் கதை சொல்ல எவரும் இல்லை. கடையில் வாங்கிய உருண்டைகளும் புகைப்படமும்தான். பண்பாடு பறிபோகிறது என்று நாம் அஞ்சுகிறோமே, அது பிறர் மரத்தால் பறிபோவதில்லை என்பதே என் எண்ணம். வீட்டிலே எதற்கும் காரணம் சொல்லாத பெற்றோரால் பறிபோகிறது. சாமி அறையைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அவள் 'சும்மா' என்றுதான் சொல்லியிருப்பாளோ என்ற ஐயம் எனக்கு அன்று வந்தது.

அதன்பின் ஒரு மாற்றம் செய்தோம். கார்த்திகை விளக்கீட்டன்று பல்கனியில் சிட்டிகள் வைக்கிறோம். காற்றுக்கு அணையாதிருக்கக் கண்ணாடிப் போத்தல்களுக்குள். கோயில் முன்றலில் பனையை நட்டு, ஓலை சுற்றி, சொக்கப்பனை கொளுத்தியதை அப்பா பேத்திக்குச் சொல்கிறார். மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் தெருவால் போன கதையையும் சொல்கிறார். பிறகு மரம் வருகிறது. அதற்கும் அதன் கதையைச் சொல்கிறோம்: யேசு பாலனின் பிறப்பு, ஜேர்மனிய வழக்கம், இலண்டன் மரம் எல்லாம். எங்கள் வீட்டில் அது விருந்தாளி என்று சொல்லியே வைக்கிறோம். விருந்தாளியை அவமதிப்பதும் இல்லை, வீட்டுக்காரர் என்று எண்ணுவதும் இல்லை.

பாடசாலைகளின் நத்தார்த் தேவாலய வழிபாட்டைப் பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள். விலக்குப் பெறும் உரிமை உண்டு. அவ்வாறு விலகும் பிள்ளைகளுக்கு வேறு ஏற்பாடும் செய்யப்பட வேண்டும். 1997 இல் கொண்டுவரப்பட்ட சமயபாடத்தை எதிர்த்து மனிதநேயப் பெற்றோர் சிலர் தொடுத்த வழக்கில், 2007 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நோர்வேக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உரிமையைப் பயன்படுத்துவதா என்பதைப் பிள்ளையுடன் பேசி முடிவெடுங்கள். என் மகள் போகிறாள்.

நான் உண்மையில் கவலைப்படுவது தைப்பொங்கலைப் பற்றி. நோர்வே வழக்கத்தில் நத்தாரின் இருபதாம் நாள் சனவரி 13. அன்றோடு பண்டிகை முடிந்து மரம் வெளியே போகும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பொங்கல். இதைவிட வசதியான நாட்காட்டி எவருக்கும் வாய்க்காது. ஆயினும் மரத்துக்காக மூன்று வாரம் செலவிடும் நாம், பொங்கலை 'வேலை நாள்' என்று சொல்லி, வார இறுதியில் மண்டபத்தில் யாரோ பொங்கித் தரும் ஒரு கிண்ணமாக்கிவிட்டோம். சனவரி நடுப்பகுதியில் ஒஸ்லோவில் சூரியன் உதிப்பது ஒன்பது மணியளவில். அதற்குள் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். ஆகவே சூரியனுக்கு முந்தியே பொங்க வேண்டியிருக்கிறது. ஆறு மணிக்கு எழுந்தால் முடியும். நாங்கள் சமையலறை அடுப்பில், புகை எச்சரிக்கைக் கருவி அலறாதிருக்க யன்னலைத் திறந்துவைத்துப் பொங்குகிறோம்.

இளையோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீட்டில் மரம் பற்றிய வாதம் எழும்போது, அப்பாவிடமோ அம்மாவிடமோ அவர்கள் ஊரில் மார்கழி எப்படி இருந்தது என்று கேளுங்கள். முதல் தடவை சுருக்கமாகத்தான் சொல்வார்கள். இன்னொரு தடவையும் கேளுங்கள்.

கடந்த சனவரியில் மரத்தை வெளியே கொண்டுபோனது நானும் அப்பாவும். எழுபத்தைந்தைத் தாண்டிய மனிதர், பனியில் வழுக்கிவிடுவார் என்று நான் தடுத்தும் கேளாமல் அடிமரத்தைப் பிடித்துக்கொண்டார். குப்பை சேகரிக்கும் இடத்தில் அதை வைத்துவிட்டுத் திரும்பும்போது, "நாளைக்குப் புதுப்பானை கிடைக்குமோ, இல்லாட்டி போன வருசப் பானைதானோ?" என்று கேட்டார்.