பந்தயக் கடைப் பணத்தில் நம் பிள்ளைகளுக்குக் கொப்பி வேண்டுமா?



திருகோணமலையில் நமக்கென்ன வேலை என்று மேலே தோட்டங்களில் சிலர் கேட்பதுண்டு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு லயத்தை விட்டு இறங்கிய குடும்பங்களில் ஒரு பகுதி இந்த மாவட்டத்தில்தான் குடியேறியது. அவர்களின் பிள்ளைகளும், பிந்தி வேலை தேடி இறங்கியவர்களும் இன்று சீனன்குடாப் பக்கத்து ஆலைகளிலும், துறைமுகத்தில் மூட்டை இறக்குவதிலும், நிலாவெளி ஹோட்டல்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய 40 பிள்ளைகளுக்கு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சங்கம் வகுப்பு நடத்துகிறது. தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் நாங்கள் சிலர் மாத்தளை வழியாக இரவு பஸ் பிடித்து மாறி மாறிப் போய் வருகிறோம்.

கடந்த மாதம் அந்தக் கிளைக் கூட்டத்தில் ஒரு பிரச்சினை வந்தது. டவுனில் பந்தயக் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி, வகுப்பு நடக்கும் மண்டபத்துக்கு ஒரு வருட வாடகையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொப்பியும் தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பதிலுக்கு அவர் கேட்டது இரண்டு. மண்டப வாசலில் அவருடைய கடைப் பெயரோடு ஒரு பதாகை. பரிசளிப்பு விழாவில் மேடையில் ஒரு கதிரை.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மூட்டை தூக்கும் ஓர் அண்ணன் எழும்பிச் சொன்னார்: “டீச்சர், அந்தக் காசு நம்ம ஆளுங்க பையில இருந்து போனதுதானே. நானே எவ்வளவு குடுத்திருக்கேன். திரும்பி நம்ம பிள்ளைங்களுக்கு வந்தா என்ன குத்தம்?” அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. உடனே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அவருடைய கேள்விக்கு இன்னும் பலமான சாட்சி நம் வீடுகளிலேயே இருக்கிறது. நம் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைகளில் எத்தனையோ பேர் மஹாபொல புலமைப்பரிசில் வாங்குகிறார்கள். 1981இல் தொடங்கிய அந்த நிதியத்துக்கு வரும் பணத்தில் ஒரு பங்கு அபிவிருத்தி லொத்தர் சபையின் லாபம். மாதம் 5,000 ரூபாவாக இருந்த தொகையை 2025இல் 7,500 ஆக்கினார்கள். கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் நம் பிள்ளை அதை வைத்துத்தான் சோறு தின்கிறது. லொத்தர் பணத்தில் படித்த பிள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்படும் நாம், புக்கிக்காரனின் கொப்பியை மட்டும் எப்படித் தள்ளுவது?

முதலில் அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 2017 ஜனவரியில் லொத்தர் சீட்டின் விலையை 20 ரூபாவிலிருந்து 30 ஆக்கினார்கள். விற்பனையாளர்கள் சீட்டை எடுக்க மறுத்தார்கள், விலை பழையபடி இறங்கியது. (நல்ல வேலைநிறுத்தம். நாமும் படிக்க வேண்டியது.) 2023 ஜூலையில் ஒரே தாவலாக 40 ரூபா. நாளுக்கு இரண்டு சீட்டு எடுக்கும் ஒருவர் 25 நாளில் 2,000 ரூபா கொடுக்கிறார். வருடத்துக்கு 24,000. 2025இல் இருந்த 1,350 ரூபாச் சம்பளத்தில் அது ஏறக்குறைய 18 பேர். பதினெட்டு நாள் மழையிலும் அட்டையிலும் நின்று பறித்த கொழுந்தின் காசு.

கிடைப்பது என்ன? ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் முழுவதும் பொருந்த வேண்டிய சீட்டை எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் இந்தக் கணக்குத் தெரியும்: 26ஐப் பத்து இலட்சத்தால் பெருக்கினால் 2 கோடியே 60 இலட்சம். இந்த நாட்டின் மொத்த சனத்தொகையே அதைவிடக் குறைவு. கைக்குழந்தை உட்பட இலங்கையில் எல்லோரும் ஆளுக்கொரு சீட்டு எடுத்தாலும், அன்று முதல் பரிசு ஒருவருக்கும் விழாமல் போகலாம்.

இதைச் சொல்லும்போது பஸ் நிலையத்தில் சீட்டு விற்பவரை நாம் குறை சொல்லவில்லை. அவர்களில் பலர் கால் முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள். வெயிலில் நின்று தரகுக் காசுக்கு உழைக்கிறார்கள். அவர்களும் தொழிலாளர்களே. எங்கள் கேள்வி சீட்டை அச்சடிப்பவரிடமும், லாபத்தை எண்ணுபவரிடமும், அந்த லாபத்தில் தருமம் செய்பவரிடமும்தான்.

இந்தத் தருமம் நமக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார ஆட்சி சாராயத் தவறணைகளைக் குத்தகைக்கு விட்டுத் தன் கஜானாவை நிரப்பியது. தோட்டப் பகுதிகளில் தவறணைக்குப் போன காசு யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. குத்தகை எடுத்தவர்கள் கொழும்பில் மாளிகை கட்டினார்கள், பிரபுக்களானார்கள், தானமும் செய்தார்கள். தானம் வாங்கியவர்களில் எவராவது தவறணையை மூடு என்று கேட்டிருப்பார்களா?

எங்கள் முடிவு இந்த இடத்தில்தான் பிறந்தது. கெட்ட தொழிலிலிருந்து வந்த காசு கையில் ஒட்டிக்கொள்ளும் என்று நாங்கள் நினைக்கவில்லை. காசுக்குச் சாதி கிடையாது. ஆனால் வாங்கிய பிறகு நம்மால் எதைப் பேச முடியும், எதைப் பேச முடியாது என்று பார்க்க வேண்டும். மஹாபொல வாங்கும் பிள்ளை லொத்தர் சபைக்குக் கும்பிடு போடத் தேவையில்லை. பதாகை பிடிக்கத் தேவையில்லை. நாளைக்கே “லொத்தரை நிறுத்து, படிப்புச் செலவைத் திறைசேரி ஏற்கட்டும்” என்று ஊர்வலம் போகலாம், புலமைப்பரிசில் நிற்காது. அது சட்டம் கொடுத்த உரிமை. புக்கி முதலாளியின் கொப்பி அப்படியல்ல. அவர் வாங்கப் பார்த்தது வாசலில் நம் சங்கத்தின் பெயரை. சம்பளநாளில் அந்தக் கடைக்குள் ஒரு தகப்பன் நுழையும்போது, நம் பிள்ளையின் வகுப்பை நடத்துகிற மனுசன்தானே என்று நினைத்து நுழைவார். அங்கேயிருந்து அவர் வெறுங்கையோடு வந்தால், அவருடைய மனைவி நம்மிடம்தான் முறைப்பாட்டுக்கு வருவார். நாம் என்ன முகத்தோடு அந்தக் கடைக்குப் போய்ப் பேசுவது?

பெரிய கட்சிகளுக்கே இந்தச் சங்கடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1968இல் அரசே லொத்தர் தொடங்கியது. 2003இல் வேறோர் ஆட்சி எல்லா லொத்தரையும் தடை செய்தது. 2024 மார்ச்சில் தேர்தல் பத்திரப் பட்டியல் வெளிவந்தபோது, இந்தியாவில் ஆகக் கூடுதலாகப் பத்திரம் வாங்கியது மார்ட்டினின் ‘பியூச்சர் கேமிங்’ என்ற லொத்தர் கம்பனி என்று தெரிந்தது: 1,368 கோடி இந்திய ரூபா. அதில் 509 கோடி தங்களுக்கு வந்ததாகத் திமுகவே தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவித்திருந்தது. அதே கட்சியின் ஆட்சிதான் 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நல்ல சட்டம், ஏழைக் குடும்பங்களுக்கு வேண்டிய சட்டம். என்றாலும் இனி அந்தக் கட்சி சூதாட்டத்தைப் பற்றி மேடையில் பேசினால், கேட்பவன் அரைக் காதால்தான் கேட்பான்.

கொழும்பில் 2025 ஆகஸ்டில் ‘சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்’ கெசினோ திறந்தார்களே, அதைப் பற்றியும் கூட்டத்தில் பேச்சு வந்தது. கட்டியது ஜோன் கீல்ஸ், 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் தரகுத் தொழிலில் தொடங்கி இன்றும் தேயிலைத் தரகு செய்யும் குழுமம். சூதாட்டப் பகுதியை நடத்துவது வெளிநாட்டு மெல்கோ. முதலீடு 100 கோடி டொலருக்கு மேல். உள்ளூர் ஆள் நுழைய டொலரில் வரி கட்ட வேண்டும். ஆகவே நம் ஆட்கள் அங்கே போகப்போவதில்லை, நாட்டுக்கு வரி வருகிறது, நமக்கென்ன என்று ஒரு தம்பி கேட்டார். அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. பணக்காரன் தோற்பதற்காக நாம் அழப்போவதில்லை. மற்றப் பாதி வேறிடத்தில் இருக்கிறது. நம் சம்பளத்தில் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் சேரும் ஊழியர் சேமலாப நிதியை மத்திய வங்கி பெரும்பாலும் அரச பிணைகளில் போடுகிறது, ஒரு பகுதிக்குக் கம்பனிப் பங்குகளும் வாங்குகிறது. எந்தக் கம்பனியின் பங்கு, அந்தக் கம்பனி என்ன செய்து லாபம் எடுக்கிறது என்று நம் சங்கம் இதுவரை ஒரு கடிதம்கூட எழுதிக் கேட்டதில்லை. புக்கிக்காரரின் 40 கொப்பிக்கு மூன்று மணித்தியாலம் சண்டை போட்ட நாம், கிழவனாகும்போது கைக்கு வரப்போகும் பணத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது சரியில்லை. அடுத்த மாவட்டக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருகிறோம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மே தினச் செலவுக்கு என்று அதிர்ஷ்டலாபச் சீட்டு அடித்து லயம் லயமாக விற்றவர்கள் நாமேதான். முதல் பரிசு ஒரு ரைஸ் குக்கர். கைச்செலவுக்கு வைத்திருந்த காசு முழுவதையும் கொடுத்துப் பத்துச் சீட்டு எடுத்த ஓர் அக்காவை நமக்கு ஞாபகம் இருக்கிறது. சங்கத்துச் சீட்டு என்றுதான் எடுத்தார். ஒன்றும் விழவில்லை. அன்றைக்கு நாம் அதைச் சூது என்று நினைக்கவில்லை, சிரித்துக்கொண்டே துண்டைக் கிழித்துக் கொடுத்தோம். இந்த வருடத்திலிருந்து அந்தச் சீட்டு வேண்டாம் என்று கிளை முடிவெடுத்திருக்கிறது. மே தினச் செலவுக்கு வெளிப்படையாக உண்டியல் குலுக்குவோம்.

முதலாளியின் உதவியை மறுப்பதென்று 19 பேர் கை தூக்கினார்கள். 14 பேர் எதிர். கேள்வி கேட்ட அண்ணன் அந்தப் பதினான்கில் ஒருவர். இரண்டு தாய்மார் இன்னும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மண்டபத்துக்கு இரண்டு மாத வாடகை பாக்கி. ஆகையால் வரும் சனிக்கிழமை முதல் வகுப்பு கோயில் மடத்துத் திண்ணையில் நடக்கும், மழை வந்தால் உள்ளே விடுவதாக ஐயர் சொல்லியிருக்கிறார். சந்தாப் பணத்தோடு சேர்ந்த உதவியில் 23 பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கியாகிவிட்டது. மிச்சம் 17 பிள்ளைகளுக்கு வேண்டும், ஒற்றைக்கோடு 80 பக்கம். கொடுக்க விரும்பும் தோட்டக் கமிட்டிகள் தலைவரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டை தூக்கும் அண்ணன் ஆறு கொப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் எதிராகக் கை தூக்கினார். அதையும் கணக்கில் சேர்த்திருக்கிறோம்.