கண்ணகி புலம்பப் பிறந்தவளா?

அவல நாடகத்தின் தலைமை ஆணுக்கே உரியது என்பது நம் விமரிசகர் சிலர் இன்றும் கைவிடாத கொள்கை. ஆண்மைத் திறமும் மதிநுட்பமும் பெண் பாத்திரத்துக்குப் பொருந்தா எனக் ‘கவிதையியல்’ நூலில் அரிஸ்டோட்டில் உரைத்ததே அவர்தம் ஆதாரம். அந்நூல் தோன்றுமுன்பே, கி.மு. 431இல், யூரிப்பிடீசின் மீடியா அரங்கேறிவிட்டாள். கிரேக்க அரங்கே மீறிய விதியைத் தமிழுக்குச் சுமத்துவது எவ்வாறு தகும்?

இவ்வளவுகோலை ஏந்தியோர் சிலப்பதிகாரத்தைக் கோவலனின் வீழ்ச்சி என்பர். கண்ணகியை அவ்வீழ்ச்சிக்கு அழும் துணையாகச் சுருக்குவர். மட்டக்களப்பு மக்கள் அவ்வாறு கொண்டாரல்லர். தேற்றாத்தீவு முதலிய ஊர்களை உள்ளடக்கிய இவ்வாவிப் பிரதேசத்தில், கண்ணகி கோயில்களின் வைகாசிச் சடங்கில் படிக்கப்படும் காவியத்தின் பெயரே ‘கண்ணகி வழக்குரை’. கோவலன் கொலையுண்டமை அன்று, அவள் அரசன்முன் வழக்குரைத்தமையே நூலுக்குப் பெயராயிற்று. குளிர்த்தி பாடுவதும் அவள் கண்ணீரைத் துடைக்க அன்று, சினத்தைத் தணிக்கவே.

ஆயினும் நம் கூத்துக்களரி இப்பாடத்தை முழுமையாகக் கற்கவில்லை. பெண் வேடங்களை நெடுங்காலம் ஆடவரே தாங்கினர். போர்க்கதைக் கூத்துகள் பலவற்றில் மனைவிக்கும் தாய்க்கும் தடுத்தலும் புலம்பலுமே பங்காயின. தெய்வமாக வணங்குகிறோமே, போதாதா என்பர் சிலர். போதாது. கல்லில் நிற்கும் பெண்ணின் சினத்துக்குப் பொங்கலிடுவது எளிது. களரியில் நிற்கும் பெண்ணின் வழக்கைக் கேட்பதே கடினம். அதனைக் கேட்க மறுக்கும் சமூகம் பாண்டியன் அவையினின்றும் எவ்வாற்றான் வேறுபட்டது?