கேள்வி கேட்கும் பிள்ளை



கல்லூரியில் பயிலும் மகனோ மகளோ விசுவாசத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பினால் நாம் கலங்குகிறோம். சில வேளைகளில் அதட்டி அடக்கியும் விடுகிறோம். ஆகவே, பேராசிரியர் ஒருவரின் வாழ்வை இம்மாதம் எடுத்துரைக்க விழைகிறோம்.

எத்தியேன் ஜில்சோன் 1884-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர். ஆயினும் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது புனித தாமஸ் அக்குவினாஸின் நூலில் ஒரு வரியேனும் படித்தவரல்லர். தேக்கார்த் என்னும் மெய்யியலார் இடைக்கால அறிஞரிடம் பெற்ற கடன் எவ்வளவு என்று ஆராயுமாறு, யூத குலத்தவரான பேராசிரியர் லெவி-புரூல் அவரைப் பணித்தார். கடன் பெற்றவரை ஆராயப் புகுந்தவர், கடன் தந்தவரிடமே பெருஞ்செல்வம் இருக்கக் கண்டார்.

1916-இல் வெர்டன் போர்முனையில் சிறைப்பட்டார். செருமானிய முகாமிலும் புனித பொனவெந்தூரின் நூல்களைப் பயின்றார். 1921-இல் சோர்போனில் பேராசிரியரானார். 1929-இல் டொராண்டோ நகரில் பசிலியன் சபைக் குருக்களோடு இணைந்து இடைக்கால ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1946-இல் பிரெஞ்சு அக்காதெமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. 1978-இல், 94-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் குருவானவரல்லர், இல்லறத்தார்.

குருமடத்தில் நாமோ புனித தாமஸைச் சுருக்கக் குறிப்புகளில் மனனம் செய்து தேர்வெழுதினோம். பின்னர் பங்கு இளைஞன் ஒருவன் வினவியபோது விடையறியாது விழித்தோம். ஜில்சோன் மூலநூல்களையே திறந்தார். அந்நூல்களில் தலைசிறந்த 'இறையியல் தொகுப்பில்' புனித தாமஸ் எதிர்வாதங்களையே முதலில் வைக்கிறார். அதன் பின்னரே தம் விடையைத் தருகிறார்.

புனிதர் அஞ்சாத கேள்விக்கு நாம் அஞ்சலாமா? பிள்ளை கேட்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அவனோடு அமர்ந்து தேடுவோம்.