தூக்கக் கண்ணோடு ரிப்பேர் வேண்டாம்!

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு பட்டு நெசவாளர் குடும்பம். சேலையின் கரைக்கும் முந்தானைக்குமான டிசைன்களை மகன் கம்ப்யூட்டரில் வரைந்து சேமித்து வைத்திருந்தார். ஒருநாள் சிஸ்டம் பூட் ஆகவில்லை. உதவப் போன நான், இரவு ஒரு மணிக்கு விண்டோஸை மறுபடி நிறுவ முடிவு செய்தேன். செட்டப் திரையில் சி, டி என்ற எழுத்துகள் வராது. டிஸ்க் 0, பார்ட்டிஷன் 3 என்று எண்கள்தான் வரும். கொட்டாவி விட்டபடியே ஒன்றைத் தேர்வு செய்து ஃபார்மட் கொடுத்தேன். போனது டிசைன்கள் இருந்த டிரைவ்! அது எஸ்.எஸ்.டி. என்பதால், டிரிம் என்ற வசதி பழைய தகவல்களை அப்புறப்படுத்திவிட்டது. ரிகவரி சாஃப்ட்வேரும் கைவிரித்தது.

பார்ட்டிஷன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அறிவு இருந்தது, விழிப்பு இல்லை. கம்ப்யூட்டரில் பெரிய சேதங்களைச் செய்வது அறியாமையை விட அசதிதான் என்பது என் கருத்து.

வல்லுநர்களும் இதற்கு விலக்கல்ல. 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் தங்கள் கோடுகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில் டேட்டாபேஸ் கோளாறு. நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன் என்று சொன்ன இன்ஜினியர், கோளாறு நீளவே இரவிலும் வேலையைத் தொடர்ந்தார். துணை சர்வரில் அழிப்பதாக நினைத்து, மெயின் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி! தினசரி பேக்கப்பைத் தேடினால், அது பதிவாகவே இல்லை. ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு காப்பிதான் கைகொடுத்தது.

எனவே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு மூன்று விஷயங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஃபார்மட், பார்ட்டிஷன், பயாஸ் அப்டேட் எதையும் தொடாதீர்கள். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. அதை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு டிரைவும் எத்தனை ஜிபி என்று முன்பே பேப்பரில் குறித்து வைத்து, ஃபார்மட் கொடுக்கும் முன் வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். பையனின் அப்பா கோபப்படவில்லை. “கண்ணு சொக்கினா நாங்க தறியை விட்டு எழுந்துடுவோம் தம்பி. இழையை மாத்தி முடிஞ்சிட்டா, அப்புறம் பிரிச்சுத்தான் ஆகணும்” என்றார்.

நெசவையாவது பிரித்து மறுபடி நெய்யலாம். ஃபார்மட்டுக்கு அந்த வழியும் இல்லை. ரிப்பேரைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம், இப்போது படுங்கள்!